கொழும்பு பக்கம், சென்னை தூரம்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை விமானப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் பற்றியவை. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

என் மகள் லண்டனில், மகன் பாரிஸில். இரண்டு ஊருக்கும் நடுவே எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம்? நம் பக்கத்து ஊர்களை வைத்துச் சொன்னால் எனக்குப் பிடிபடும்.
(ஓய்வுபெற்ற ஆசிரியை, வடிவீஸ்வரம்)

திருவனந்தபுரத்துக்கும் கொழும்புக்கும் உள்ள தூரம்தான் அம்மா. லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையம் ஏறத்தாழ 350 கி.மீ. திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையமும் ஏறத்தாழ அதே அளவு. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கும். அதில் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. உங்கள் பிள்ளைகள் நினைத்தால் காலையில் போய் மாலையில் திரும்பலாம். தீபாவளிக்காவது இருவரையும் ஒரே வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் நமக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கமா?
(கல்லூரி மாணவர், சுங்கான்கடை)

பாதி தூரம். நாகர்கோவிலிலிருந்து நேர்கோடு போட்டால் கொழும்பு ஏறத்தாழ 300 கி.மீ. சென்னை 610 கி.மீ.க்கு மேல். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னை 614 கி.மீ., மாலத்தீவின் தலைநகர் மாலே 607 கி.மீ. நம் மாநிலத் தலைநகரைவிட அடுத்த நாட்டின் தலைநகர் ஏழு கி.மீ. கிட்டே இருக்கிறது! மாநிலத்தின் ஒரு கோடியில் நாம், மறு கோடியில் சென்னை. கோட்டைக்கு ஒரு மனு கொடுக்க இங்கிருந்து போகிறவர் படும் பாடு, ஐரோப்பாவில் ஒரு நாட்டைக் கடந்து போகிறவருக்குக்கூட இல்லை. மாநிலத் திட்டங்களை வகுப்பவர்கள் இந்த 614-ஐ மறக்கக் கூடாது.

விமானத் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? நாங்கள் கடலில் ஜி.பி.எஸ்ஸில் பார்ப்பதும் அதுவும் ஒன்றா?
(ஆழ்கடல் மீனவர், தூத்தூர்)

ஒன்றேதான் அண்ணாச்சி. விமானிகளும் கடல் மைலில்தான் கணக்கு வைக்கிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பூமியின் அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கின் நீளம் அது. வடக்கே ஒரு பாகை போனால் 60 கடல் மைல் போயிருக்கிறோம் என்று பொருள். திருவனந்தபுரம் விமான நிலையம் எட்டரைப் பாகையில், சென்னை விமான நிலையம் பதின்மூன்று பாகையில். வடக்கே மட்டும் நாலரைப் பாகை, அதாவது 270 கடல் மைல். கிழக்கே விலகியிருப்பதையும் சேர்த்தால் 331 கடல் மைல் ஆகிறது. 1.852-ஆல் பெருக்கினால் 613 வரும். நான் சொன்ன கணக்கு ஒட்டிவருகிறது. நடுக்கடலில் நின்று நீங்கள் போடும் இந்தக் கணக்கை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடத்தை இதைவிடத் தெளிவாக யாராலும் நடத்த முடியாது.

மணிக்கு 800 கி.மீ. வேகம் என்கிறார்கள். 614 கி.மீ.க்கு முக்கால் மணி நேரம் போதுமே? டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிப் போடுகிறார்கள்? மீதி நேரம் எங்கே போகிறது?
(கணக்கர், மீனாட்சிபுரம்)

கணக்கர் கேட்க வேண்டிய கேள்வி. பாதி நேரம் தரையில் போகிறது, மீதி ஏறுவதிலும் இறங்குவதிலும் போகிறது. டிக்கெட்டில் போட்டிருப்பது வானத்தில் பறக்கும் நேரம் கிடையாது. நிறுத்துமிடத்திலிருந்து சக்கரம் நகர ஆரம்பித்த நொடியிலிருந்து, அந்த ஊரில் போய் நின்று சக்கரம் ஓயும்வரை உள்ள நேரம். 'பிளாக் டைம்' என்று விமானத் துறையில் சொல்வார்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரே ஒரு ஓடுபாதை. அதில் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் காத்திருக்க வேண்டும். எழுந்த பிறகு பதினோரு கி.மீ. உயரத்துக்கு ஏறவே ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும். அதற்குள் 200 கி.மீ. வரை கடந்திருப்பீர்கள். சென்னைக்கு இன்னும் 200 கி.மீ. இருக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடுவார்கள். முழு வேகத்தில் பறப்பது நடுவில் உள்ள கொஞ்சத் தூரம்தான். விமானப் பணிப்பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து காபியை நீட்டுவதற்குள் சீட் பெல்ட் விளக்கு மறுபடியும் எரிவது இதனால்தான். சென்னை வானத்தில் கூட்டம் இருந்தால் ஒரு சுற்று சுற்றவிட்டுத்தான் இறக்குவார்கள்.

ஐரோப்பாவிலும் இதே நிலைதான். லண்டன் ஹீத்ரோவிலிருந்து பிராங்பர்ட் ஏறத்தாழ 655 கி.மீ. நம் திருவனந்தபுரம்–சென்னையைவிடச் சற்றே கூட. அட்டவணையில் ஒரு மணி நாற்பது நிமிடம்வரை போடுகிறார்கள். இரண்டும் நெரிசல் மிகுந்த நிலையங்கள்.

வீட்டிலிருந்தே தோராயமாகக் கணக்குப் போட ஒரு வழி உண்டு. தூரத்தை 800-ஆல் வகுத்து வரும் நேரத்தோடு 40 நிமிடத்தைக் கூட்டுங்கள். குறைந்த தூரப் பயணங்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவரும்.

மகன் பாரிஸில் காலை 10 மணிக்கு ஏறி லண்டனில் 10.15-க்கு இறங்குவதாக டிக்கெட் அனுப்பியிருக்கிறான். கால் மணி நேரத்தில் எப்படி?
(இல்லத்தரசி, கிருஷ்ணன்கோவில்)

பாரிஸ் கடிகாரம் லண்டன் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர் பறப்பது ஒன்றேகால் மணி நேரம். இறங்கும்போது லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. திரும்பி வரும்போது பாருங்கள், 10 மணிக்கு ஏறினால் 12.15 என்று இருக்கும்.

வளைகுடாவுக்குப் போகும் நம் பிள்ளைகளின் டிக்கெட்டிலும் இதே கதை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.30-க்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால், அங்கே காலை 7.15. டிக்கெட்டில் இருப்பவை எப்போதும் அந்தந்த ஊர் நேரம். அழைத்துவரப் போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் நடு இரவில் விமான நிலைய வாசலில் மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

துபாய் போகும்போது கூடுதல் நேரம், வரும்போது குறைவு. தூரம் ஒன்றுதானே?
(கட்டுமான மேற்பார்வையாளர், விடுப்பில் வந்திருப்பவர், தக்கலை)

தூரம் ஒன்றுதான், ஏறத்தாழ 2,950 கி.மீ. வித்தியாசம் காற்றால் வருகிறது. உலகின் நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பலத்த காற்றோட்டம் உண்டு. கிழக்கே வருகிற விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். மேற்கே போகிற விமானத்தை முகத்துக்கு நேரே தடுக்கும். ஐரோப்பாவில் லண்டனிலிருந்து பிராங்பர்ட் போகும் விமானம், திரும்பி வரும் விமானத்தைவிடச் சில நிமிடங்கள் முந்துவதும் இதனால்தான்.

நம் தென்கோடிக்கு இதில் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே அதிக உயரத்தில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே பாயும். அதன் நடுப்பகுதியில் வேகம் மணிக்கு 100 கி.மீ.க்கும் மேல். கீழே ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து காற்று அடித்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும் அதே வேளையில், பல கி.மீ. உயரத்தில் அதற்கு எதிர்த்திசையில் இது ஓடுகிறது. இந்தக் காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைவராகவும் இருந்தார். நம் மழையோடு சம்பந்தப்பட்ட இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

விமானத் திரையில் பாதை வளைந்து தெரிகிறதே, நேராகப் போனால் எரிபொருள் மிச்சமாகாதா?
(பள்ளி மாணவி, ராமவர்மபுரம்)

அது நேராகத்தான் போகிறது கண்ணு. உருண்டையான பூமியைத் தட்டையான படமாக விரித்ததால் வளைந்து தெரிகிறது. பள்ளியில் இருக்கும் உலக உருண்டையில் பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார். நூல் வடக்கே ஏறி இறங்கும். பாரிஸ்–லண்டன் போன்ற குறைந்த தூரத்தில் இந்த வளைவு கண்ணுக்கே தெரியாது.

உலகிலேயே குறைந்த தூரத்துக்குப் பறக்கும் பயணிகள் விமானம் எது?
(ஆட்டோ ஓட்டுநர், செட்டிக்குளம்)

ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னித் தீவுக்கூட்டத்தில், வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுக்குப் போவது. 2.7 கி.மீ. நம் வடசேரிக்கும் கோட்டாருக்கும் உள்ள தூரம் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 விநாடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் ஆசிரியர்களும் மருத்துவரும் நோயாளிகளும் போய்வருகிறார்கள். சின்னத் தீவில் இருக்கும் சில டஜன் மனிதர்களுக்காகவும் ஒரு விமானத்தை ஓட்டும் அரசாங்கத்தை மெச்ச வேண்டும்.

தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்தும் விமானப் பயண நேரம் ஏன் குறையவில்லை?
(பொறியியல் மாணவர், வெள்ளமடம்)

ஒலியின் வேகத்தை நெருங்கினால் காற்றின் எதிர்ப்பு சட்டென்று ஏறும். எரிபொருள் செலவு அதைவிட வேகமாக ஏறும். கான்கார்ட் விமானம் ஒலியைத் தாண்டி, பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் போனது. கட்டணம் கட்டுப்படியாகாமல் 2003-ல் ஓய்வு பெற்றது. 1960-களின் ஜெட் விமானங்களும் இன்றைய விமானங்களும் ஏறத்தாழ ஒரே வேகம்தான். வளர்ச்சி எல்லாம் எரிபொருள் சிக்கனத்திலும் பாதுகாப்பிலும் வந்தது. சாமானியன் ஏறும் விலைக்கு டிக்கெட் வந்தது அதனால்தான். வேகத்தைவிட அது பெரிய காரியம்.

சென்னைக்குப் போக விமானமா, வந்தே பாரத்தா? உங்கள் தீர்ப்பு என்ன?
(துணிக்கடை உரிமையாளர், மணிமேடை)

வந்தே பாரத். காரணத்தைச் சொல்கிறேன், கணக்கை நீங்களே சரிபாருங்கள்.

விமானத்தில் போவதாக இருந்தால், நாகர்கோவில் வீட்டிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் 70 கி.மீ.தான். ஆனால் பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று ஊருக்குள் ஊராகப் போகிற சாலை. இரண்டு மணியிலிருந்து இரண்டரை மணி நேரம் ஒதுக்காமல் யாரும் கிளம்புவதில்லை. விமானத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். பயணம் ஒன்றரை மணி நேரம். இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரைமணிக்கு மேல். கூட்டிப் பாருங்கள், ஐந்தரையிலிருந்து ஆறரை மணி நேரம் ஆகும். மீனம்பாக்கத்திலிருந்து நீங்கள் போக வேண்டிய இடத்துக்குத் தனி நேரம்.

வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கியது. நாகர்கோவிலிலிருந்து எழும்பூர் 720 கி.மீ.க்கு மேல், ஒன்பது மணி நேரத்துக்குள் போகிறது. மதியம் 2 மணிக்கு மேல் ஏறினால் இரவு 11 மணி வாக்கில் எழும்பூர். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு, மூன்று மணி நேரம்தான். கட்டணத்தில் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும், அதிலும் கடைசி நேரத்தில் விமான டிக்கெட் எடுத்தால் சொல்லவே வேண்டாம். மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஆனால் அதில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழித்துவிடலாம். மறுநாள் காலை வேலைக்குப் போகலாம். கொள்முதலுக்கு மூட்டையோடு போய்வரும் உங்களுக்கு அதுதான் ஏற்றது.

லண்டன்–பாரிஸ் மக்களும் இந்தக் கணக்கைப் போட்டவர்கள்தான். 1994-ல் கடலடிச் சுரங்கப்பாதை திறந்த பிறகு, யூரோஸ்டார் ரயில் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஊரின் நடுவில் ஏற்றி ஊரின் நடுவில் இறக்குகிறது. விமானம் ஒன்றேகால் மணி நேரம்தான் என்றாலும், வீட்டிலிருந்து வீடு என்று பார்த்தால் ரயிலே முந்துகிறது. பிரான்சில் 2023-ல் ஒரு படி மேலே போனார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற இடங்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று ஆணை பிறப்பித்தார்கள். பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நான்ட், போர்தோ நகரங்களுக்கு விமானம் நின்றது.

அவசரத்துக்கு விமானம் வேண்டும்தான். துக்க வீடு, நேர்காணல், மருத்துவம் என்றால் இரண்டு, மூன்று மணி நேரம் பெரிய விஷயம். அன்றாட வியாபாரத்துக்கு ரயில் போதும்.

திருவனந்தபுரம், தூத்துக்குடி, மதுரை. நமக்கு எந்த ஏர்போர்ட் நல்லது?
(வங்கி ஊழியர், ஆசாரிப்பள்ளம்)

வெளிநாட்டுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், திருவனந்தபுரம். சென்னைக்கு என்றால் தூத்துக்குடியையும் பாருங்கள். அந்த விமான நிலையம் உள்ள வாகைக்குளம் நாகர்கோவிலிலிருந்து 100 கி.மீ.யை ஒட்டி இருக்கிறது. திருவனந்தபுரத்தைவிட 30 கி.மீ. கூடுதல். ஆனால் காவல்கிணறு தாண்டிவிட்டால் நான்குவழிச் சாலை, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். தூரம் கூடினாலும் நேரம் கூடுவதில்லை. அங்கிருந்து சென்னை வான்வழியில் 530 கி.மீ.தான். நீண்ட காலம் அங்கே உந்துவிசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானங்களே வந்துபோயின. அவற்றின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான் என்பதால், தூரம் குறைந்தும் பயண நேரம் குறையாமல் இருந்தது. இப்போது ஓடுபாதையை மூன்று கி.மீ.க்கு மேல் நீட்டி, புதிய முனையத்தை 2025 ஜூலை 26-ல் திறந்திருக்கிறார்கள். பெரிய விமானங்கள் வர வழி பிறந்துவிட்டது. மதுரை 230 கி.மீ.க்கு மேல், அங்கே வேறு வேலை இருந்தால் ஒழிய வேண்டாம்.

திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. அங்கே இரண்டு முனையங்கள் ஓடுபாதையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. டெர்மினல் 1 சங்குமுகம் கடற்கரைப் பக்கம், டெர்மினல் 2 சாக்கைப் பக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக முடியாது, ஊரைச் சுற்றி வண்டியில்தான் வர வேண்டும். ஓட்டுநரிடம் 'ஏர்போர்ட்' என்று மட்டும் சொல்லாமல் டிக்கெட்டைப் பார்த்து டெர்மினல் எண்ணைச் சொல்லுங்கள்.

கோயில் திருவிழாவுக்காக விமான நிலையத்தையே மூடுவார்களாமே, உண்மையா?
(வாசகர், சுசீந்திரம்)

உண்மை. ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகிறது. விமான நிலையம் வருவதற்கு முன்பே அதுதான் ஊர்வலப் பாதை. யானை முன்னே வர, திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் வாளேந்தி நடக்க, விக்கிரகங்கள் ஓடுபாதையைக் கடந்துபோகும். கடலில் நீராட்டு முடிந்து தீவட்டி வெளிச்சத்தில் அதே வழியில் திரும்பும். அன்று மாலை 4 மணியை ஒட்டி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எந்த விமானமும் இறங்காது, ஏறாது. விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும். அந்த இரண்டு நாட்களில் மாலைப் பயணம் வைத்திருந்தால் நேரத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பன்னாட்டு விமான நிலையம் ஊர் மக்களின் பழைய பாதைக்கு வழிவிட்டு நிற்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

நம் மாவட்டத்துக்கான விமான நிலையம் ஏன் கேரளாவில் இருக்கிறது?
(போட்டித் தேர்வு மாணவர், இரணியல்)

கட்டும்போது இரண்டும் ஒரே நாடு. 1930-களில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்ம ராஜா எடுத்த முயற்சியில் உருவான நிலையம் அது. 1935 நவம்பர் 1-ல் டாடா ஏர்லைன்ஸின் சிறிய விமானம் திருவிதாங்கூரின் அஞ்சல் பைகளை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பியது. சரியாக 21 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1-ல், குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. தேர்வுக்குப் படிக்கிறீர்கள், இரண்டு தேதிகளையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் நாகர்கோவிலுக்கு ரயில் வர 1979 ஆனது. திருவனந்தபுரத்தில் விமானம் பறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல், நாம் பேருந்தில் திருநெல்வேலி போய்த்தான் மெட்ராஸ் ரயிலைப் பிடித்தோம்.

போகும் தூரத்துக்கு மட்டும்தான் எரிபொருள் நிரப்புவார்களா?
(பெட்ரோல் பங்க் ஊழியர், தோவாளை)

கிடையாது. போக வேண்டிய ஊர், அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று ஊர், அதற்கும் மேல் அரைமணி நேரம் வட்டமடிக்க என்று கணக்கிட்டு நிரப்பித்தான் கிளம்ப வேண்டும். 2025 ஜூன் 14-ல் பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 போர் விமானம் எரிபொருள் குறைந்து திருவனந்தபுரத்தில் இறங்கியது. இறங்கிய பின் கோளாறு தெரிந்து ஜூலை 22 வரை அங்கேயே நின்றது. நடுக்கடலில் சிக்கலில் மாட்டியவர்களுக்கு இறங்க இடம் கொடுக்கும் தென்முனை அது.

விமானம் ரத்தானால் இழப்பீடு உண்டா? தூரத்தைப் பொறுத்தா, நேரத்தைப் பொறுத்தா?
(செவிலியர், வெளிநாடு செல்லவிருப்பவர், கருங்கல்)

இந்தியாவில் நேரம், ஐரோப்பாவில் தூரம். இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இங்கே விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, உரிய காலத்தில் சொல்லாமல் ரத்து செய்தால், பிளாக் டைம் ஒரு மணி நேரம்வரை உள்ள பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம்வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. திருவனந்தபுரம்–சென்னை நடுவில் உள்ள பிரிவில் வரும். டிக்கெட் பணம் தனி. அந்தச் சின்னப் பயணத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் குடிக்க ஏதாவதும் கொடுக்க வேண்டும். கேட்டால்தான் கொடுப்பார்கள் என்றால் கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி எண் 261, 2004-ல் வந்தது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 3,500 கி.மீ. வரை 400, அதற்கு மேல் 600. போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் உண்டு. ஐரோப்பிய நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த நாட்டவருக்கும் இது பொருந்தும். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிட்டனில் இதே போன்ற விதி பவுண்டில் இருக்கிறது: 220, 350, 520. மோசமான வானிலை, வான்வழி மூடல் போன்ற நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு இரு இடத்திலும் இழப்பீடு கிடையாது. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கேளுங்கள். வேலைக்குப் போன முதல் மாதத்தில் 250 யூரோ நம் பிள்ளைகளுக்குப் பெரிய தொகை.

பாகிஸ்தான் வான்வழியை மூடியதால் நம் வளைகுடா விமானங்களுக்கும் நேரம் கூடிவிட்டதா?
(வாசகர், குளச்சல்)

பெரிதாக இல்லை. 2025 ஏப்ரல் 24-ல் இந்திய நிறுவனங்களுக்கு மூடினார்கள். டெல்லியிலிருந்து ஐரோப்பா போகிறவர்கள்தான் தெற்கே சுற்ற வேண்டியதாயிற்று. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போகிறவர்கள் கிளம்பியதுமே அரபிக்கடலுக்கு மேல் போய்விடுகிறார்கள்.

நம் மாவட்டத்துக்கே ஒரு விமான நிலையம் வேண்டும் என்ற கோரிக்கையை ஆதரிக்கிறீர்களா?
(சமூக ஆர்வலர், அகஸ்தீஸ்வரம்)

இல்லை. மனதார மறுக்கிறேன். ஏர்பஸ் இறங்க இரண்டு கி.மீ.க்கு மேல் ஓடுபாதை வேண்டும். இரு முனையிலும் கட்டடமோ மரமோ மறைக்காத வெளி வேண்டும். மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,672 ச.கி.மீ.; 2011 கணக்கில் 18.7 லட்சம் பேர். ஒரு சதுர கி.மீ.க்கு 1,100 பேருக்கு மேல். மலையையும் காட்டையும் கழித்தால் மிஞ்சுவது வயல், குளம், தென்னந்தோப்பு, வீடு. நாஞ்சில் நாட்டு வயல்களில் ஏற்கெனவே பெரும்பகுதி மனையாகிவிட்டது. 70 கி.மீ.யில் ஒன்றும் 100 கி.மீ.யில் ஒன்றுமாக இரண்டு விமான நிலையங்கள் இருக்கும்போது, மூன்றாவதுக்காக இன்னும் குளங்களைத் தூர்க்கக் கூடாது.

அப்படியானால் நாம் எதைத்தான் கேட்பது?
(அதே வாசகர், அகஸ்தீஸ்வரம்)

அந்த 70 கி.மீ.யைக் கேளுங்கள். களியக்காவிளையைத் தாண்டி காரோட்டிலிருந்து கேரளத்தின் புறவழிச்சாலை விமான நிலையப் பக்கம்வரை ஓடுகிறது. நம் பக்கத்து நான்குவழிச் சாலை வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை முடிக்கச் சொல்லுங்கள். திருநெல்வேலிப் பக்கம் ஆரல்வாய்மொழி வரையிலான இரட்டைப்பாதையை 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். திருவனந்தபுரம் பக்கத்து இரட்டைப்பாதையும் முழுதாக முடிய வேண்டும்.

வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் இருக்கின்றன. இரவு பதினொரு மணிக்குக் கோட்டாரில் வாடகை வண்டி கிளம்பும். முன் சீட்டில் அப்பா, நடுவில் போகிறவரும் மனைவியும் குழந்தையும், பின்னால் நைலான் கயிறு கட்டிப் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி, அதற்குள் நேந்திரங்காய் சிப்ஸும் ஊறுகாயும். இரண்டு ஆண்டு கழித்துத்தான் மறுபடி பார்ப்பார்கள். அந்த வண்டி வாடகை அவர்களில் பலருக்குப் பல நாள் கூலி. வடசேரியிலிருந்து விமான நேரங்களை ஒட்டி, இரவிலும், இரண்டு டெர்மினல்களுக்கும் நேராகப் போகும் சொகுசுப் பேருந்துகளை இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் சேர்ந்து ஓட்டினால் போதும். பெட்டி வைக்க இடமும், ஏறினால் இருக்கை உறுதி என்ற முன்பதிவும் இருக்க வேண்டும். மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.